மரமும் உளியும்: செட்டிநாட்டிலிருந்து திரும்பி வந்து எழுதும் பதில்கள்

பொங்கல் விடுமுறைக்கு மனைவி, மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேத்தி எல்லோருமாகக் காரைக்குடிப் பக்கம் நான்கு நாள் போய்வந்தோம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, திருமயம் வழியாகப் போகிற பாதை. பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் தங்கினோம். பிள்ளையார்பட்டிக் கோயில், ஆத்தங்குடி என்று வீட்டார் போட்டிருந்த திட்டம் ஒரு பக்கம் இருக்க, தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருஷம் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த எனக்குக் கண் முழுக்கத் தூணிலும் வாசல் நிலையிலும்தான் இருந்தது. போகப்போகிறேன் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு மரச்சாமான் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: ஏப்ரலில் குழந்தைகளோடு இரண்டு நாள் செட்டிநாடு போகிறோம். "எல்லா வீடும் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கும், ஒன்றைப் பார்த்தால் போதும்" என்கிறார் என் மாமியார். மரவேலை தெரியாதவர்கள் அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, சேலம்

பதில்: தூணின் அடியிலிருந்து ஆரம்பியுங்கள் அம்மா. எல்லோரும் அண்ணாந்து போதிகையின், அதாவது தூணின் தலைக்கட்டையின், பூவேலையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். மரத்தூண் நேராகத் தரையில் நிற்காது, ஒரு கல் பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். மழைத் தண்ணீர் முற்றத்தில் கொட்டும் வீடு அது. தரையின் ஈரம் மரத்தில் ஏறக்கூடாது, கரையான் மண்ணிலிருந்து நேராக ஏறிவிடக்கூடாது. அந்த ஒரு முழக் கல்தான் நூறு வருஷமாகத் தூணைக் காப்பாற்றுகிறது.

அடுத்து, கையால் தூணைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். நாங்கள் தங்கிய வீட்டில் முகப்புத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரே பர்மாத் தேக்கு மரம், ஒட்டுப் போடாதது. அவ்வளவு உயரத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை. பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு 2, 3 வருஷம் முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி விட்டுவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே மெல்ல மெல்லக் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, காய்ந்தது மிதக்கும். யானை இழுத்து ஓடையில் விட, அது ஆற்றோடு ரங்கூனுக்கும் மோல்மேனுக்கும் வந்து சேரும். அங்கிருந்து கப்பல். ஆற்றில் மிதக்க வேண்டும் என்பதற்காகச் செய்த காரியம், அந்த மரம் தூணாக நிற்கும்போது வெடிக்காமல் இருப்பதற்கும் உதவியது. அந்தத் தூணில் கை வைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடையில் யானை இழுத்த மரத்தில் என் பேத்தி கண்ணாமூச்சிக்காகக் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

மூன்றாவது, கதவு. பெரிய வாசல் கதவுகளில் கீல் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள் குழந்தைகளை. பல கதவுகளில் இருக்காது. கதவுப் பலகையோடு சேர்ந்தே மேலும் கீழும் ஒரு குடுமி நீட்டிக்கொண்டிருக்கும். மேல் குடுமி நிலையில் உள்ள குழியிலும், கீழ்க் குடுமி வாசற்படிக் குழியிலும் உட்கார்ந்து சுழலும். அவ்வளவு கனமான கதவை என் பேத்தி ஒரு கையால் தள்ளித் திறந்தாள். கனம் முழுவதையும் கீழ்க்குழி தாங்கிக்கொள்கிறது, தள்ளுகிற கைக்கு அந்தப் பாரம் வருவதில்லை.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் மூன்றும் போதும் இரண்டு நாளுக்கு. காரைக்குடிக்குள் ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்து பார்க்கலாம். பல வீடுகள் இன்றும் குடும்பச் சொத்து, விசேஷம் என்றால் பங்காளிகள் எல்லோரும் வந்து கூடுவார்கள். கேட்டுவிட்டு உள்ளே போங்கள், திறந்துவிட்டவர்களிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-லிருந்து யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. காரைக்குடி வரை போக முடியாதவர்களுக்காகச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், தட்சிணசித்ராவில், ஒரு செட்டிநாட்டு வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல பாடம்.

மாமியாரையும் அழைத்துப் போங்கள். முகப்பிலிருந்து வளவு (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாம் கட்டு என்று உள்ளே போகப்போக மரம் எப்படி எளிமையாகிறது என்று காட்டுங்கள். நாங்கள் இருந்த வீட்டில் முகப்பில் இழைத்து இழைத்துச் செதுக்கியிருந்த ஆசாரிமார், அடுப்படிப் பக்கத்தில் வெறும் சதுரச் சட்டம் வைத்து முடித்திருந்தார்கள். அந்தச் சட்டத்திலும் மூட்டு ஒன்றுகூட விலகவில்லை.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு அஞ்சறைப்பெட்டியும், ஒரு பெரிய மரவையும் (கடைந்த மரக் கிண்ணம்) வாங்கினோம். இரண்டும் நூறு வருஷப் பழசு என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்தபின் கணவர் "புதுசுக்குக் கறுப்புப் பூசி ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் மரவை. ஒரு ஸ்கேலை எடுத்து வாயின் அகலத்தை இரண்டு திசையிலும் அளந்து பாருங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒரு அளவு, அதற்குக் குறுக்கே ஒரு அளவு. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகவும் குறைவு, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கடைசல் பட்டறையிலிருந்து இறங்கிய அன்றைக்கு அது கச்சிதமான வட்டமாக இருந்திருக்கும். வருஷங்கள் ஆக ஆக மெல்ல முட்டை வடிவத்துக்குப் போகும். அதே தெருவில் நான் அளந்த மரவை ஒன்று ரேகைத் திசையில் 31 சென்டிமீட்டர், குறுக்கே 30.4. கண்ணுக்கு வட்டமாகத்தான் தெரிந்தது. ஸ்கேல் சொல்லிவிட்டது. சரியாகக் காயாத பச்சை மரத்தில் கடைந்தாலும் இப்படிக் கோணும், ஆனால் அப்போது பெரும்பாலும் விளிம்பில் வெடிப்பும் சேர்ந்து வரும். அளவு ஒரு சாட்சி மட்டும்தான், மற்றவற்றையும் பாருங்கள்.

அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்து வையுங்கள். மேற்பக்கம் விற்பதற்காக, அடிப்பக்கத்தை யாரும் அலங்கரிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிப்பலகையில் விரலைக் குறுக்கே ஓட்டினால், கையால் இழைத்த பலகை என்றால் மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்படும். இழைப்புளியின் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி விட்டுப்போயிருக்கும். மெஷினில் இழைத்தது கண்ணாடிபோல் சமமாக இருக்கும், அல்லது ஒரே சீரான சின்னச் சின்ன அலைகள் தெரியும்.

ஆணிகளைப் பாருங்கள். நட்சத்திரத் தலை திருகாணி, அதாவது கூட்டல் குறி போட்ட தலை, 1930-களின் நடுவில்தான் உலகச் சந்தைக்கே வந்தது. அது இருந்தால் ஒன்று பெட்டி நூறு வருஷம் ஆனதில்லை, அல்லது பிற்பாடு யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள். பழுது பார்த்தது என்றால் பக்கத்திலேயே பழைய ஆணி இருந்த துளை அடைபட்டுத் தெரியும்.

அப்புறம் தேய்மானம். மனிதக் கை படுகிற இடத்தில்தான் மரம் தேயும். மூடியின் விளிம்பில், கட்டைவிரல் வைத்துத் தள்ளுகிற இடத்தில் கூர்மை மழுங்கியிருக்க வேண்டும். யாரும் தொடாத பின்மூலையும் அதே அளவு மழுங்கியிருந்தால், உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். மஞ்சள் கறை அறைகளின் உள்மூலையில், ரேகைக்குள் இறங்கியிருக்க வேண்டும். வெளியே பரவலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசியாக, ஈரமான வெள்ளைத் துணியை அடியில் ஓரமாக அழுத்தித் தேயுங்கள். பத்து வருஷம் முன்பு ஒரு கடையில் ஈட்டி மரம் என்று நம்பி நான் ஒரு சிறு பெட்டி வாங்கினேன். வீட்டில் ஈரத்துணி பட்டதும் கருஞ்சிவப்பாகச் சாயம் விட்டது. உள்ளே வெளுத்த வேப்ப மரம். வேம்பு நல்ல மரம்தான். வேம்பு என்று சொல்லியே விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெட்டி புதியதாகவே இருந்தாலும் அதில் மிளகும் சீரகமும் போட்டுப் புழங்கத் தடையில்லை, வெளிப்பூச்சு உள்ளே வராத வரைக்கும். உள் அறையில் சாயமோ வார்னிஷோ இருந்தால் மட்டும் சமையலுக்கு வேண்டாம். பாசிமணி, நூல்கண்டு போட்டு வையுங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். எங்கள் பூர்வீகம் தேவகோட்டைப் பக்கம். போன மாதம் குடும்பத்தோடு வந்தபோது, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் இடத்தில் கஜலட்சுமி செதுக்கிய நிலை ஒன்றைப் பார்த்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. வாங்கிக் கப்பலில் அனுப்பலாமா? மரத்துக்கு என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: தம்பி, மரத்துக்கு என்ன செய்வது என்பதற்கு முன்னால் சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள சிற்ப வேலைப்பாடு தொல்பொருள். மரச் சிற்பமும் அதில் சேரும். அதைத் தனிமனிதர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுமதி வாங்கி அனுப்பலாமே என்ற பேச்சுக்கே இடமில்லை. தொல்பொருளை விற்பவரும் உரிமம் வைத்திருக்க வேண்டும். நூறு வருஷம் ஆகாத பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கித்தான் அனுப்ப வேண்டும். "பழைய மரம் என்று எழுதி அனுப்பிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி என் மனதில் இருப்பது. அந்த மாதிரி ஒரு இடத்துக்கு நானும் போனேன். சுற்றுச்சுவரில் வரிசையாக நிலைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றின் பக்கவாட்டிலும் சுவரிலிருந்து பெயர்த்த சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிலையின் மேற்கட்டையில் மாவிலை கட்டிய ஆணிகளும், கீழே வாசற்படிக் கட்டையில் மஞ்சள் தடவிய தடமும் அப்படியே இருந்தன. எத்தனை வெள்ளிக்கிழமை யாரோ ஒரு ஆச்சி குனிந்து வைத்த மஞ்சள் அது. என் மனைவி அதன் மேல் கால் படாமல் தாண்டிப் போனாள். தரையில் கிடக்கும் மரம்தானே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

விற்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை என்று கட்டியது. நாலு தலைமுறையில் பங்காளிகள் ஐம்பது பேர், அறுபது பேர் ஆகிவிடுகிறார்கள். பாதிப்பேர் வெளியூர், வெளிநாடு. ஓடு மாற்ற ஒருவர் பணம் தந்தால் இன்னொருவர் கையெழுத்துப் போட வேண்டும். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததோடு செட்டியார்கள் அங்கே தொழிலில் போட்ட முதலும் போயிற்று, அதற்குப் பிறகு அந்த அளவுக்கு வீடு கட்டவும் இல்லை, கட்டியதைக் காக்கவும் பலரால் முடியவில்லை. ஒழுகும் வீட்டை வைத்துக்கொண்டு திண்டாடுகிறவரிடம் பாரம்பரியம் பேசுவது நியாயமில்லை.

ஆனால் நிலை என்பது தனியாக ஒரு பொருள் இல்லை தம்பி. சுவர் அதைப் பிடித்துக்கொள்கிறது, அது கதவைப் பிடித்துக்கொள்கிறது, கதவின் குடுமி படியில் உட்கார்ந்திருக்கிறது. பெயர்த்து எடுத்து ஏசி அறையில் சுவரில் மாட்டினால், மூட்டுக்கு மூட்டு விலக ஆரம்பிக்கலாம். அந்த மரம் வெயில் காய்ந்த காற்றில் நூறு வருஷம் பழகியது.

நான் ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தேவகோட்டைச் சொந்தத்தில் இன்னும் நிற்கிற வீடு ஏதாவது இருக்கும். அதன் நிலையை அளந்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவைக் கொடுத்துப் புதிதாகச் செதுக்கி வாங்குங்கள். காரைக்குடிப் பக்கமே நிலை செதுக்கும் ஆசாரிமார் இருக்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், கள்ளக்குறிச்சி இரண்டு ஊர் மரச் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பர்மாத் தேக்குதான் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியையே நிறுத்திவிட்டது. நன்றாகக் காய்ந்த நாட்டுத் தேக்கின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், போதும். செதுக்குவதற்கு முன்னால் மரத்தைப் போய்ப் பாருங்கள், ஓரத்தில் வெளுத்த வெளிமரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக ஒருவர் உளி பிடிக்கும் நாட்களில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

கேள்வி: காரைக்குடியில் வாங்கி வந்த நடைவண்டியில் குண்டூசித் துளைகள் இருக்கின்றன. தினமும் கீழே மாவு மாதிரி உதிர்கிறது. குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உள்ளே வண்டு உயிரோடு இருக்கலாம். இப்போது கொடுக்க வேண்டாம், மற்ற மரச்சாமான்களுக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். கறுப்புத் தாளின் மேல் வைத்து ஒரு வாரம் பாருங்கள். புதிய மாவு விழவில்லை என்றால் பெரும்பாலும் பழைய துளைதான். விழுந்தால், கழற்ற முடிந்த பாகங்களைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள், ஒரு நாள் அப்படியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் மரத்தின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். குழந்தை வாயில் வைக்கிற பொருளுக்கு நான் பூச்சி மருந்து சொல்லமாட்டேன். துளை முழுக்க வெளுத்த மரத்தில்தான் இருக்கும், கவனியுங்கள். இந்த வண்டு வைரத்தைத் தொடாது, மாவுச்சத்து உள்ள வெளிமரத்தைத்தான் தின்னும். ஒரு பாகம் விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது என்றால் அது உளுத்துவிட்டது, அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து ஊஞ்சல் பலகை கறுத்துக் கிடக்கிறது. எங்கள் ஊர்க் கார்பெண்டர் "மெஷின் போட்டுச் சுரண்டி பி.யூ. (பாலியூரிதேன் பூச்சு) அடித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்" என்கிறார். செய்யலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா. அவர் சொன்னபடி செய்தால் பலகை புதுசு மாதிரிதான் ஆகும், தாத்தா உட்கார்ந்த பலகையாக இருக்காது.

முதலில் அழுக்கை எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பாதிக் கறுப்பு அதிலேயே போய்விடும். பிறகு அடிப்பக்கம் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். பூச்சு பிசுபிசுவென்று கரைந்தால் அது அரக்குப் பாலிஷ், பழைய சாமான்களில் பெரும்பாலும் அதுதான். அரக்கின் மேல் புதிய அரக்கை மெல்லிய கோட்டாகக் கொடுத்தால் பழையதோடு கலந்து ஒன்றாகிவிடும், சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஸ்பிரிட்டுக்கு அசையாவிட்டால் வார்னிஷ். அது உரிந்திருந்தால் மட்டும் கை போட வேண்டும்.

பூச்சே இல்லாத வெறும் மரம் என்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இதில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து மறக்காதீர்கள்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காற்றோடு சேர்ந்து தானே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துத் தனியாக வெளியில் காயப்போட்டு, அல்லது தண்ணீரில் நனைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

நாங்கள் தங்கிய வீட்டு ஆச்சியிடம் தூணுக்கு என்ன பாலிஷ் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "பாலிஷா? நாங்க ஒண்ணும் போடுறதில்லைங்க. பிள்ளைக எல்லாம் தூணைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வரும். அதுதான்" என்றார். பெரியவர் இடுப்பு உயரத்துக்குக் கீழே, குழந்தைகளின் கை எட்டும் இடத்தில்தான் அந்தத் தூண்கள் அதிகமாக மின்னின.

கேள்வி: மர முறுக்கு உரலை எப்படிப் பழக்குவது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு நாள் அரிசிக் கஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்ததும் சமையல் எண்ணெய் தடவி ஒரு இரவு விட்டுத் துடையுங்கள். ஒவ்வொரு முறை பிழிந்த பிறகும் துளைத் தகட்டைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள், தகடும் மரமும் சேருகிற இடத்தில்தான் ஈரம் தங்கும்.

கேள்வி: காரைக்குடியில் வாங்கிய தேக்குப் பீரோவைச் சென்னைக்குக் கொண்டுவந்தோம். அங்கே கடையில் சுலபமாக நகர்ந்த இழுப்பறைகள் நான்கில் இரண்டு இங்கே இறுகிவிட்டன. இழைத்து எடுத்துவிடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: இழைப்புளியை இப்போதைக்கு எடுக்காதீர்கள். காரைக்குடி வறண்ட பூமி, உங்களுக்குக் கடற்காற்று. மரம் இங்கே வந்து ஈரம் குடித்து அகலவாக்கில் கொஞ்சம் உப்பியிருக்கலாம். இப்போது இழைத்தால் கோடையில் லொடலொடவென்று ஆடும், இழைத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இரண்டு மாதம் பொறுங்கள். அதற்குள் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வையுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். நான்கு இழுப்பறைகளையும் முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்து, பின்பலகையைப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

கடைசி நாள் மாலை ஒரு கடையில் கணக்குப்பிள்ளைப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கான சாய்வு மூடி, உள்ளே மூன்று சின்ன இழுப்பறைகள். நடு இழுப்பறை பாதிக்கு மேல் போகவில்லை, மூன்றாவது தொளதொளவென்று ஆடியது. "நடு டிராயர் நான் வாங்கினதிலேருந்தே இப்படித்தாண்ணே, அதுக்குத்தான் விலை குறைச்சுச் சொல்றேன்" என்றார் கடைக்காரத் தம்பி. மூன்றையும் உருவித் தரையில் கவிழ்த்தேன். பின்பலகையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஏதோ உளிக்கீறல். பேத்திதான் முதலில் சொன்னாள்: "தாத்தா, இதுல 'க' எழுதியிருக்கு. இதுல 'உ' இருக்கு."

எழுத்து இல்லை, தமிழ் எண்கள். ௧, ௨, ௩. டார்ச் அடித்துப் பெட்டிக்குள் பார்த்தால் ஒவ்வொரு அறையின் உள்சுவரிலும் அதே எண். முழுக்கக் கையால் செய்கிற வேலையில் மூன்று அறைகளும் ஒரே அளவாக வராது, ஒரு மயிரிழை கூடும் குறையும். ஆசாரி ஒவ்வொரு அறைக்கும் தனியாக ஒரு இழுப்பறை பொருத்தி, இழைத்து, போய்வருகிறதா என்று பார்த்து, ஜோடி மாறாமலிருக்க எண் வெட்டியிருக்கிறார். எப்போதோ யாரோ சுத்தம் செய்ய எடுத்துவிட்டு ௨ இருந்த இடத்தில் ௩-ஐச் செருகியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒன்று இறுக்கம், ஒன்று தொளதொளப்பு.

பேத்தி மாற்றிச் செருகினாள். இரண்டும் ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போயின. கடைசி அரை அங்குலத்தில் உள்ளே அடைபட்ட காற்று மெல்லத் தள்ளியது, அந்த அளவுக்குப் பொருத்தம். தம்பியை அழைத்துக் காட்டினேன், இனி குறைத்த விலைக்குத் தர வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் இழுப்பறையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, சொன்ன விலை சொன்னதுதான் என்றுவிட்டார். பெட்டி இப்போது எங்கள் வீட்டில் பேத்தி வீட்டுப்பாடம் எழுதும் இடம். பத்து வரைக்கும் தமிழ் எண் படித்துவிட்டாள்.

உங்கள் பீரோவை லாரியில் ஏற்றும்போது கனம் குறைய இழுப்பறைகளைக் கழற்றியிருப்பார்கள். இறக்கும்போது கைக்கு வந்த வரிசையில் செருகியிருப்பார்கள். பின்பலகையில் எண்ணோ, கோடுகளோ, புள்ளிகளோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன்படி மாற்றிப் போடுங்கள். அப்புறம் அந்தக் குறியின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் படியை எனக்குத் தபாலில் அனுப்புங்கள். என்ன எண் என்று பேத்தியும் நானும் சேர்ந்து படித்துச் சொல்கிறோம்.